பழமைவாதி என்ற சொல்லும் விதைநெல்லும்

கேள்வி: அமெரிக்கப் பழமைவாதிகள் ஒரு பக்கம் 'எண்ணெய் தோண்டு, தோண்டு' என்கிறார்கள், இன்னொரு பக்கம் ராணுவ வீரனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர்களின் தலைவர்களில் பலர் வியட்நாம் போருக்குப் போகாமல் தப்பித்தவர்கள். இவர்களுடைய தேசபக்தியை எப்படி நம்புவது?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: முதலில் அந்தப் 'பழமைவாதி'யைப் பிடித்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை, இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அது பெயர்க்க வந்த கன்சர்வேடிவ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் பழமை இல்லை, காப்பது இருக்கிறது. காட்டைக் காக்கிறோம், மண்ணைக் காக்கிறோம் என்று சொல்ல ஆங்கிலத்தில் எடுப்பதும் இதே வேரைத்தான். என்றைக்கோ ஒரு செய்தி மேஜையில் அவசரத்தில் யாரோ 'பழமைவாதி' என்று போட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது, இன்றைக்கு அதைப் படிக்கிற எவருக்கும் புதிதாக எது வந்தாலும் முகம் சுளிக்கிற ஒரு மனிதர்தான் மனசில் வருகிறார். எனக்கு வருவது என் பாட்டி. அறுப்பு முடிந்ததும் விதைநெல்லைத் தனியாகக் காயவைத்து, நொச்சி இலை போட்டுக் குதிரில் கொட்டி, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார். வீட்டில் அரிசி தீர்ந்து கேழ்வரகுக் கூழில் நாள் போனாலும் அந்தப் பூச்சின் மேல் ஒரு விரல் பட விடமாட்டார். கன்சர்வேடிவ் என்றால் அதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அமெரிக்கக் கன்சர்வேடிவ்களின் கட்சியான குடியரசுக் கட்சியை நான் அளப்பது இந்த விதைநெல் கணக்கை வைத்துத்தான். தியோடர் ரூஸ்வெல்ட் அந்தக் கட்சிக்காரர். 1901 முதல் 1909 வரை அதிபராக இருந்தபோது சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைக் காடாகவும் பூங்காவாகவும் சரணாலயமாகவும் ஒதுக்கி வைத்தார். 1970-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைத் தொடங்கியவர் அதிபர் நிக்சன், அவரும் அதே கட்சி.

நிஜமாகவே ஒரு குதிர் கட்டிய கதையும் உண்டு. 1973 அக்டோபரில், இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்குகளில் தெருவைத் தாண்டி வரிசை நின்றது. இனி இப்படி ஒரு நாள் வரக்கூடாது என்று 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு, அவரும் குடியரசுக் கட்சிதான், ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் பூமிக்கு அடியில் பெரிய பெரிய உப்புப் பாறைகள் இருக்கின்றன. துளை போட்டுத் தண்ணீரை இறக்கி, உப்பைக் கரைத்து, உப்புநீரை வெளியே எடுத்துவிட்டால் குகை கிடைக்கும், ஒவ்வொன்றும் 2,000 அடி உயரம் வரும். அதற்குள் கச்சா எண்ணெயை நிரப்பி வைப்பார்கள். வேண்டும்போது அடியில் தண்ணீரைச் செலுத்தினால் எண்ணெய் மிதந்து மேலே வந்துவிடும். நாலு இடங்களில் மொத்தம் 71 கோடி பீப்பாய் கொள்ளும்.

2022-ல் பைடன் அதிலிருந்து 18 கோடி பீப்பாய் எடுத்து விற்க உத்தரவிட்டபோது, ஆபத்துக்கு என்று வைத்ததைத் தேர்தலுக்காகக் கரைக்கிறார் என்று குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் 2015-லும் 2018-லும், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அவர்கள் கையில் இருந்தபோது, பட்ஜெட்டில் விழுந்த பள்ளத்தை அடைக்க அதே எண்ணெயை விற்கச் சட்டம் போட்டார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்றதில் இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு. என் கோபம் மட்டும், காப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் மேல்தான் அதிகம்.

சரி, உங்கள் 'தோண்டு'க்கு வருகிறேன். 2008-ல் குடியரசுக் கட்சி மாநாட்டில் மேரிலாந்தின் முன்னாள் துணை ஆளுநர் மைக்கேல் ஸ்டீல் கிளப்பிவிட்ட கோஷம் அது, 2025 ஜனவரி 20 அன்று ட்ரம்ப் பதவியேற்பு உரையிலேயே அதைச் சொன்னார். இதைப் பேராசைக்காரர்களின் கூச்சல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது: நம் மண்ணிலேயே எண்ணெய் கிடைத்தால் வளைகுடாவைக் காவல் காக்க நம் வீட்டுப் பையன்களை அனுப்ப வேண்டாம். மகனைப் படைக்கு அனுப்பிய ஒரு ஓஹையோ அப்பா இதைச் சொன்னால் நான் எழுந்து நின்று கேட்பேன். ஜார்ஜ் மிட்செல் என்ற கிரேக்கக் குடியேறியின் மகன் டெக்சாஸில் பல வருடம் பணத்தைக் கொட்டி, ஷேல் என்கிற களிமண் படிவுப் பாறையைத் தண்ணீரால் உடைத்து எரிவாயு எடுக்கிற வழியைக் கண்டார். அந்த வழியில் போய்த்தான் 2018-ல் அமெரிக்கா கச்சா எண்ணெய் உற்பத்தியில் உலகத்தில் முதலிடத்துக்கு வந்தது. சாதனைதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த முதலிடத்தில் இருந்துகொண்டே, ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த 2022-ல், ஜூன் மாதம் அங்கே ஒரு கேலன் பெட்ரோல் 5 டாலரைத் தாண்டியது. எண்ணெய் உங்கள் தோட்டத்தில் ஊறினாலும் விலை உலகச் சந்தையில்தான் முடிவாகிறது. தோண்டுவதால் வரும்படி வரும், வேலை வரும். விடுதலை வராது.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பசுமை இயக்கமும் இல்லை, கடற்படைக் காலாட்படையின் ஒரு ஜெனரல். 2006 ஜூலையில் ரிச்சர்ட் ஜில்மர், இராக்கின் அன்பார் மாகாணத்தில் படைக்குத் தலைவர். அந்த இடத்தைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். பாலைவனத்தில் நாற்பத்தைந்து டிகிரி வெயில், துணிக்கூடாரத்துக்குள் ஏ.சி. ஓடுகிறது, குளிர்ந்த காற்றில் பெரும்பகுதி துணி வழியாகவே வெளியே போகிறது, அதற்காக ஜெனரேட்டர் ராப்பகலாக டீசல் குடிக்கிறது. அந்த டீசல் தீராமல் இருக்க டேங்கர் லாரிகள் நூற்றுக்கணக்கான மைல் வரிசையாக வர வேண்டும், சாலையோரத்தில் எந்தக் குப்பைமேட்டில் குண்டு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. லாரி ஓட்டுகிறவனுக்கு முன்னாலும் பின்னாலும் துப்பாக்கியோடு இருபது வயசுப் பையன்கள். ஜில்மர் பென்டகனுக்கு அவசரக் கடிதம் எழுதினார்: சூரிய ஒளியிலும் காற்றிலும் ஓடுகிற மின் ஏற்பாடு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இந்தச் சாலையில் ஆட்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் சாரம். 2009-ல் ராணுவமே ஒரு கணக்குப் பார்த்தது. ஆப்கானிஸ்தானில் எரிபொருள் லாரி வரிசை 24 முறை போனால் ஒரு ஆள் என்ற விகிதத்தில் சாவோ காயமோ. அதற்குள் இராக்கில் கூடாரங்களின் மேல் நுரையைத் தெளித்துக் கெட்டியாக்கும் வேலையை ஆரம்பித்திருந்தார்கள், குளிர் உள்ளேயே நின்றது, டீசல் செலவு குறைந்தது. ஒரு டப்பா நுரை ஒரு பையனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால் அதைவிடப் பெரிய தேசபக்தி எனக்குத் தெரியவில்லை.

போருக்குப் போகாத தலைவர்கள் என்கிறீர்கள். உண்மைதான். புஷ்ஷின் துணை அதிபராக இருந்த டிக் செனி கட்டாய ராணுவச் சேவையிலிருந்து ஐந்து முறை விலக்கு வாங்கினார், ட்ரம்ப்புக்குப் படிப்புக்காக நாலு, குதிகால் எலும்புக்காக ஒன்று. ஆனால் எதிர்க்கட்சியில் கிளிண்டனும் பைடனும்கூட வியட்நாம் பார்க்காதவர்கள்தான். வியட்நாம் போய்வந்த ஜனநாயகக் கட்சியின் கோர், கெர்ரி, குடியரசுக் கட்சியின் மெக்கைன் மூவரும் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கட்டாய ராணுவச் சேவையை ஒழிக்க முன்னால் நின்று வாதாடியவர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மேன், வலதுசாரிகளின் பொருளாதார ஆசான். 1969-ல் நிக்சன் அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். சாட்சி சொல்ல வந்த, வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட், கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றார். அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவது பரவாயில்லையா ஜெனரல் என்று ஃப்ரீட்மேன் கேட்டார். சம்பளம் வாங்குகிறவர் எல்லாம் கூலிப்படை என்றால், நான் கூலிப் பேராசிரியர், எனக்கு வைத்தியம் பார்ப்பவர் கூலி டாக்டர், நமக்குக் கறி வெட்டித் தருகிறவர் கூலிக் கசாப்புக்காரர் என்று அடுக்கிக்கொண்டே போனார். 1973-ல் கட்டாயச் சேவை முடிந்தது. ஃப்ரீட்மேன் சொன்னது எனக்கு நியாயமாகவே படுகிறது, ஒருவனை இழுத்துப்போய்ச் சுடச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமை கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இன்று அமெரிக்காவில் சீருடையில் முழுநேரமாக இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. டேங்கருக்கு முன்னால் போகிற பையன் யார் வீட்டுப் பையன் என்று ஓட்டுப் போடுகிறவருக்கும் தெரியாது, சட்டம் போடுகிறவருக்கும் தெரியாது.

மெக்கைனுக்குத் தெரிந்திருந்தது. வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோய் சிறையில் ஐந்தரை வருடம் கிடந்தவர், அப்பா அட்மிரல் என்பதால் முன்னாலேயே விடுகிறோம் என்றபோது, எனக்கு முன்னால் பிடிபட்டவர்களை முதலில் விடுங்கள் என்று மறுத்தவர். அவர்தான் 2003-ல் ஜனநாயகக் கட்சியின் லீபர்மேனோடு சேர்ந்து கரியமிலப் புகைக்கு உச்சவரம்பு கேட்டு செனட்டில் மசோதா கொண்டுவந்தார். 43 ஓட்டுதான் விழுந்தது, தோற்றது. அவருடைய போர்க்கொள்கையில் எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடில்லை, இந்தப் பக்கத்திலேயே திட்டியிருக்கிறேன். ஆனாலும் காப்பவர் என்ற சொல்லுக்கு அவரைக் காட்டலாம். அயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லியையும் காட்டலாம். 1992-ல் காற்றாலைக்கு வரிச்சலுகை வாங்கித் தந்தவர் அவர். அந்தச் சலுகையின் விதிகளைத் தெளிவாக்கச் சொல்லி 2025-ல் ட்ரம்ப் நிதித்துறைக்கு நியமித்தவர்களின் ஒப்புதலையே நிறுத்தி வைத்தார். மனிதர் விவசாயி, காற்றாலை அவர் ஊர்க்காரர்களுக்கு ஆண்டு தவறாத குத்தகைப் பணம்.

2010-ல் ஆப்கானிஸ்தானின் சங்கினுக்குப் போன கடற்படைக் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் ஒரு கம்பெனியிடம் சுருட்டி முதுகில் போட்டுக்கொள்ளும் சோலார் விரிப்புகளைக் கொடுத்து அனுப்பினார்கள். ரேடியோ பேட்டரியை வெயிலிலேயே ஏற்றிக்கொண்டார்கள், மாற்றுப் பேட்டரி கொண்டுவரச் சொல்லி ஆளை வரவழைக்காமல் வாரக்கணக்கில் ரோந்து போனார்கள். அந்தப் பட்டாலியன் அந்த ஏழு மாதத்தில் 25 பேரை இழந்தது. அடுத்த முறை யாராவது மேடையில் 'தோண்டு' என்று கத்தும்போது, அந்த விரிப்பை உதறி வெயிலில் போட்ட பையனிடம் உங்கள் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.