ஜப்பானிய மொழியில் இ-பெயரடை எது, நா-பெயரடை எது என்று தொடக்க நிலையில் எப்படிப் பிரித்தறிவது?

"இ-யில் முடிந்தால் இ-பெயரடை, மற்றதெல்லாம் நா-பெயரடை" என்றுதான் முதலில் எல்லோரும் கேள்விப்படுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் அறையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள் என்றார் ஆசிரியை. அறை சுத்தமாக இல்லை என்று சொல்ல வேண்டும். 'கிரேய்' என்றால் சுத்தமான, அழகான. கடைசி இ-யை எடுத்துவிட்டு 'கிரேகுனை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதன் கீழே கோடு போட்டு, மேலே 'கிரேய் ஜா நை' என்று எழுதினார். ஓரத்தில் ஒரு 'நா' எழுதி அதைச் சுற்றி வட்டமும் போட்டார். அந்த வட்டத்திலிருந்துதான் எனக்கு இது புரியத் தொடங்கியது.

சொல் எதில் முடிகிறது என்பதைவிட, வாக்கியத்தில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். இ-பெயரடை கிட்டத்தட்ட ஒரு வினைச்சொல் மாதிரி, தானே உருமாறும். சமு-இ என்றால் குளிர்கிறது. சமுகுனை, குளிரவில்லை. சமுகத்தா, குளிராக இருந்தது. காலமும் எதிர்மறையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதனால்தான் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதற்கு 'ஒயிஷீ தெஷ்தா' என்பது தவறு, 'ஒயிஷிகத்தா தெஸ்' என்பதே சரி.

நா-பெயரடை அசையாது. அமைதி என்ற பொருள் தரும் 'ஷிஸுகா' அப்படியே நிற்கும், பக்கத்தில் வரும் தெஸ் (இருக்கிறது), தத்தா (இருந்தது), ஜா நை (இல்லை) ஆகியவைதான் மாறும். பெயர்ச்சொல்லும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: மாணவர் இல்லை என்பதற்கு 'கக்குஸே ஜா நை', அமைதியாக இல்லை என்பதற்கு 'ஷிஸுகா ஜா நை'. அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் மட்டும் நடுவில் நா வேண்டும்: ஷிஸுகா நா மாச்சி, அமைதியான ஊர்.

இங்கேதான் நமக்குத் தமிழ் கைகொடுக்கிறது. அமைதி, வசதி, பிரபலம் எல்லாம் பெயர்ச்சொற்கள். 'ஆன' சேர்த்தால்தான் அவை இன்னொரு பெயருக்கு அடையாகும். அந்த 'ஆன' செய்கிற வேலையைத்தான் 'நா' செய்கிறது. பென்ரி நா, வசதியான. யூமேய் நா, பிரபலமான. நாம் 'ஆக' சேர்க்கும் இடத்தில் அவர்கள் 'நி' சேர்க்கிறார்கள்: கிரேய் நி காக்கு, அழகாக எழுது. வெளியிலிருந்து வந்த சொற்களைப் பாருங்கள். 'சிம்பிளான வீடு' என்று சொல்ல நமக்கு ஆன தேவைப்படுகிறது. அவர்களும் 'ஷின்புரு நா', 'ஹன்சாமு நா' என்றுதான் சொல்கிறார்கள். சீனத்திலிருந்து வந்த பெயரடைகளில் பெரும்பாலானவையும் இதே வழியில்தான் உள்ளே வந்தன. 'எமோஷனல்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த எமோ-இ போன்ற இளைஞர் வழக்குகள் விதிவிலக்கு, அவை இ-வகை.

ஆனால் தமிழ்ப் பொருளை வைத்து வகையை முடிவு செய்துவிடாதீர்கள். 'உத்ஸுகுஷீ' என்றாலும் அழகான, 'கிரேய்' என்றாலும் அழகான. முன்னது இ-வகை, பின்னது நா-வகை. ஒப்புமை இலக்கண வேலையில் மட்டும்தான்.

சரி, இ-யில் முடிந்து ஏமாற்றும் சொற்களை என்ன செய்வது? கடைசி இ-க்கு முன்னால் எ ஒலி இருந்தால் அது நா-வகை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கிரேய், யூமேய், மரியாதையான என்ற பொருள்தரும் தேய்னேய், மூன்றும் இதில் சிக்கிவிடும். சீனத்திலிருந்து வந்த எழுத்துகளான கான்ஜியைப் படிக்கத் தொடங்கியதும் இன்னொரு அடையாளம் கிடைக்கும். இ-பெயரடையில் கடைசி இ கான்ஜிக்கு வெளியே, ஒலியைக் குறிக்கும் ஹிராகனா எழுத்தில் நிற்கும். யூமேய் போன்றவற்றில் அந்த இ கான்ஜியின் உச்சரிப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த இரண்டுக்கும் அகப்படாதது 'கிரா-இ', பிடிக்காத என்று பொருள். இ-க்கு முன் வருவது ஆ ஒலி, எழுத்திலும் இ வெளியேதான் நிற்கிறது, ஆனாலும் நா-வகை. வெறுப்பது என்ற பொருளுள்ள 'கிராவு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. பிடித்த என்ற 'சுகி'யும் இப்படி வினையிலிருந்து வந்து நா-வகையில் சேர்ந்ததுதான். அதனால் இரண்டையும் ஜோடியாகவே மனப்பாடம் செய்தேன்: சுகி நா, கிரா-இ நா. இன்றுவரை குழம்பியதில்லை.

எனக்கு மிகவும் உதவியது நோட்டில் எழுதும் முறைதான். எந்தப் பெயரடையையும் தனியாக எழுதமாட்டேன், பின்னால் ஒரு பெயர்ச்சொல்லையும் சேர்த்து எழுதுவேன். சமு-இ ஹி, குளிரான நாள். கிரேய் நா ஹனா, அழகான பூ. அப்புறம் அந்த இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் வாய்விட்டுப் படிப்பேன். பத்துச் சொல்லை இப்படிப் பழகிவிட்டால், 'கிரேய் ஹனா' என்று யாராவது சொல்லும்போதே நடுவில் ஏதோ விட்டுப்போனது காதுக்குத் தெரிந்துவிடும்.