தூர்ல காளான் வந்த குல்மொஹர், வெட்டணுமா விடலாமா?

பெங்களூர் காக்ஸ் டவுன்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். காம்பவுண்டுக்குள்ள ஒரு குல்மொஹர், அவர் பிறந்த வருஷம் அப்பா வச்சதாம், இப்ப 34 வயசு. தூர்ல தரையை ஒட்டி வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு பழுப்பு கலர்ல தட்டு தட்டா காளான் வந்திருக்கு. ஆனா மேல பச்சைப்பசேல்னு இருக்கு, போன மே மாசமும் பூத்துக் கொட்டிச்சு. மரம் வெட்ற ஆள் ஒருத்தர் பாத்துட்டு, காளானை செதுக்கிட்டு பொந்துல சிமெண்ட் ரொப்பி தார் பூசிடலாம், மேல பாதியைக் கழிச்சு மொட்டையா விட்டுடலாம்னு ரேட்டும் சொல்லிட்டுப் போயிருக்கார். அம்மா வெட்டவே விடமாட்டேங்கறாங்க. கோடை மழைக்கு முன்னாடி என்ன செய்யறது?

தம்பி, முதல்ல அந்த மரத்தடியில நிறுத்தியிருக்கற காரை எடுங்க, நீங்க அனுப்பின ஃபோட்டோவுல தெரியுது. மத்ததை அப்புறம் பேசலாம்.

அந்தக் காளான் கானோடெர்மா வகைதான்னு ஃபோட்டோவை வச்சே தொண்ணூறு பங்கு சொல்லிடலாம். அடிப்பக்கம் வெள்ளையா இருக்கும், நகத்தால ஒரு கோடு போட்டுப் பாருங்க, பழுப்பா மாறிச்சுன்னா சந்தேகமே வேணாம். சுத்தி இலை மேல, தரையில, கோகோ பவுடர் தூவின மாதிரி இருந்தா அது அதோட வித்து. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல, 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர் பக்கம் தென்னந்தோப்புகளை காலி பண்ணுச்சே தஞ்சாவூர் வாடல், அதுவும் இந்தக் குடும்பம்தான். அதனாலயே நிறைய பேர் தென்னைக்கு வேர் வழியா மருந்து கட்டற மாதிரி இதுக்கும் கட்டலாமான்னு கேக்கறாங்க. 34 வயசு மரத்துல உள்ள உளுத்துப் போன கட்டையை எந்த மருந்தும் திரும்பக் கொண்டு வராது. அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

இப்ப வெளிய தெரியற தட்டு இருக்கே, அது வெறும் காய் மாதிரி. காளானோட உடம்பு முழுக்க உள்ள இருக்கு, நூல் நூலா, கட்டைக்குள்ளயும் வேருக்குள்ளயும் பல வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. மாங்காயைப் பறிச்சா மாமரம் போயிடுமா? அதே கதைதான் காளானை செதுக்கறதும். சொல்லப் போனா செதுக்கிட்டா அடுத்து பாக்க வர்றவருக்கு இருந்த ஒரே அடையாளமும் போயிடும், அதனால அப்படியே விடுங்க.

உங்க அம்மாவோட வாதம் இலை பச்சையா இருக்குங்கறது. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க, நானும் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஏமாந்திருக்கேன். தண்ணியை மேல கொண்டு போறது பட்டைக்கு அடுத்தாப்ல இருக்கற இளங்கட்டை. நடுவுல இருக்கற வைரம் உயிரில்லாத கட்டை, அதோட வேலை மரத்தை நிக்க வைக்கிறதுதான். கானோடெர்மா பெரும்பாலும் அந்த நடுவுலயும் அடிவேர்லயும்தான் தின்னும், அதனால தண்ணி தாராளமா மேல போகும், பூ பூக்கும், காய் காய்க்கும், ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரக் காத்துல தூரோட படுத்துடும். வருஷா வருஷம் ஏப்ரல் மே மழையில பெங்களூர் ரோடுல விழற மரங்களைப் போய்ப் பாருங்க, நிறைய மரம் பச்சை இலையோடதான் கிடக்கும்.

பொந்து, சிமெண்ட், தார் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இந்த வைத்தியம் இன்னும் நம்ம ஊர்ல சாகல. அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் இருந்தார், ஆயிரக்கணக்கான மரங்களை செயின் சாவால நீளவாக்குல பிளந்து பிளந்து உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தவர். 1977ல அவர் விளக்கமா எழுதினது இதுதான்: மரத்துக்கு நமக்கு மாதிரி புண் ஆறாது, கெட்ட இடத்தைச் சுத்தி மரம் சுவர் கட்டிக்கும், அப்படியே மூடிட்டு வெளிப்பக்கமா புதுக்கட்டை வளத்துக்கும். அடிபட்ட பிறகு புதுசா வளர்ற கட்டைக்கும் பழசுக்கும் நடுவுல இருக்கற சுவர்தான் இருக்கறதுலயே கெட்டி. இப்ப சிமெண்ட் போடறவர் என்ன பண்ணுவார்னா, பொந்தை சுத்தம் பண்றேன்னு நல்ல கட்டை வர்ற வரைக்கும் சுரண்டுவார், அதாவது மரம் கஷ்டப்பட்டு கட்டின சுவரை உடைச்சு காளானுக்கு கதவைத் திறந்து விடுவார். அப்புறம் மரம் காத்துல ஆடும், சிமெண்ட் ஆடாது, நடுவுல இடுக்கு விழுந்து தண்ணி நிக்கும். தார் பூசினா உள்ள ஈரம் அடைபட்டு காளானுக்கு சௌகரியமாதான் போகும். மேல மொட்டையடிக்கிறதும் அதே லட்சணம்தான், பெரிய பெரிய வெட்டுக்காயம், அதுல புது அழுகல், பக்கத்துல பலமே இல்லாம குச்சி குச்சியா தளிர் வந்து நாலு வருஷத்துல அதுவே ஒடிஞ்சு விழும்.

சரி, உங்க மரம் எந்த நிலைமையில இருக்குன்னு நீங்களே ஓரளவு பாத்துக்கலாம். ஆசாரிகிட்ட இருக்கற கொட்டாப்புளி ஒண்ணு வாங்கி தூரைச் சுத்தி அடிஅடியா தட்டிக்கிட்டே வாங்க, மேல நெஞ்சளவுலயும் தட்டுங்க, நல்ல கட்டை டக் டக்னு சின்னதா சத்தம் கொடுக்கும், உள்ள காலியா இருந்தா டம்முனு மத்தளம் மாதிரி வரும். பொந்து வாய் திறந்திருந்தா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாருங்க. அடுத்து தூர்லேருந்து வேர் பிரியற இடத்துல கைக்கொத்தால மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்க (கடப்பாரை வேண்டவே வேண்டாம்), வேர் வெளுத்து பஞ்சு மாதிரி நார் நாரா வந்தா அந்தப் பக்கம் பிடிமானம் போச்சு. இந்தக் காளான் கட்டையை இறுக்கிப் பிடிக்கற லிக்னினையும் சேத்துத் தின்னும், அதான் வெளுப்பு. காத்தடிக்கும்போது தூரத்துலேருந்து மண்ணை கவனிங்க, ஒரு பக்கம் மூச்சு விடற மாதிரி ஏறி இறங்குதுன்னாலோ, புதுசா வெடிப்பு விட்டிருந்தாலோ, மரம் முன்ன இல்லாத சாய்வு சாஞ்சிருந்தாலோ மேல படிக்க வேண்டாம், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தை நிறுத்திட்டு ஃபோனை எடுங்க.

கணக்கு ஒண்ணு சொல்றேன். தண்டோட சுத்தளவை டேப்பால அளந்து 6.28ஆல வகுத்தா ஆரம் வரும், 280 சென்டிமீட்டர் சுத்தளவுன்னா ஆரம் சுமார் 45. சுத்தி இருக்கற நல்ல கட்டையோட கனம் அதுல மூணுல ஒரு பங்காவது, அதாவது 15 சென்டிமீட்டராவது இருக்கணும்னு தோராயமா ஒரு அளவுகோல், ஜெர்மனியில மரங்களோட பலத்தை ஆராய்ஞ்ச கிளவுஸ் மட்டெக் சொன்னது. சின்ன ஊசி மாதிரி டிரில் விட்டு கட்டையோட எதிர்ப்பை அளக்கற ரெசிஸ்டோகிராஃப் வச்சிருக்கறவங்க வந்தா கனத்தை சரியா சொல்லிடுவாங்க. ஆனா இந்தக் கணக்கு தண்டுக்குதான், ஒரு பக்கம் வாய் பிளந்த பொந்துக்கும் வேருக்கும் செல்லாது, உங்க பிரச்சினையோ வேர்ல இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி மரத்துலேருந்து மூணடி தள்ளி கேபிளுக்கு பள்ளம் தோண்டினாங்கன்னு கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கீங்களே, எனக்கு மொத்த லெட்டர்லயும் அதுதான் பெரிய செய்தி. அந்தப் பக்கத்து வேர் அன்னிக்கே போயிருக்கும். காளான் அதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கலாம், ஆனா வெட்டுப்பட்ட வேர் அதுக்கு விருந்து.

குல்மொஹர் மடகாஸ்கர்லேருந்து வந்த மரம், சீக்கிரம் வளரும், கட்டை மெத்து, வேர் மேலாப்ல படரும். அதனால என் அபிப்பிராயம், நேர்ல பாக்காமயே சொல்றேன்: ஒரு பக்க வேர் வெட்டுப்பட்டு, தூர்ல கானோடெர்மாவும் வந்து, விழுந்தா ரோடும் பக்கத்து வீட்டு மாடியும் மாட்டும்னா, எடுத்துடறதுதான் சரி. இதே மரம் ஒரு தோப்பு நடுவுல, கீழ யாரும் போகாத இடத்துல இருந்தா விட்டுடுங்கன்னு சொல்லியிருப்பேன், பொந்துல கிளி குடும்பம் நடத்தும். வேர் மூணு பக்கமும் நல்லா இருக்குன்னு நேர்ல பாத்தவர் சொன்னா, நுனிக்கிளைகளை மட்டும் லேசா குறைச்சு பாரத்தைக் கம்மி பண்ணி வருஷம் ஒரு தடவை பாத்துக்கிட்டு ஓட்டலாம்.

உங்க வீட்டு மரம்தானேன்னு ஆளைக் கூப்பிட்டு வெட்டிடாதீங்க. கர்நாடகாவுல 1976 மரப் பாதுகாப்பு சட்டம் இருக்கு, சொந்த காம்பவுண்டுக்குள்ளயும் மர அதிகாரி அனுமதி வேணும். பெங்களூர் மாநகராட்சியா இருந்த பிபிஎம்பி போய் இப்ப அஞ்சு கார்ப்பரேஷன் ஆயிடுச்சு, உங்க ஏரியா கார்ப்பரேஷனோட வனப் பிரிவுல ஃபோட்டோ, பள்ளம் தோண்டின விவரம் எல்லாம் சேத்து மனு கொடுங்க. கிளை கரண்ட் லைன்ல தொடுதுன்னா 1912ங்கற நம்பர்ல கரண்ட் கம்பெனி பெஸ்காமுக்கு ஃபோன் பண்ணி சொல்லி சப்ளையை நிறுத்தாம யாரும் ஏறக் கூடாது. வர்ற ஆள்கிட்ட ஹெல்மெட், கயிறு, இடுப்பு பெல்ட் இருக்கான்னு பாருங்க. கிளையை எங்க வெட்டுவேன்னு கேளுங்க, தண்டோட வழவழன்னு ஒட்டி வெட்டுவேன்னு சொன்னா அவர் வேண்டாம், கிளை அடியில மோதிரம் மாதிரி தடிப்பு இருக்கும், அதுக்கு வெளியதான் வெட்டணும்.

மரம் போனா அடிக்கட்டையையும் முடிஞ்ச வரைக்கும் வேரையும் எடுத்துடுங்க, விட்டா காளான் அதுலயே குடியிருக்கும். புதுக்கன்னை அதே குழியில வைக்காம பத்தடி தள்ளி வைங்க, மகிழம் நல்லா வரும். அம்மாவுக்கு அந்த மரம்தான் வேணும்னா காஞ்ச காய் ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க, விதையோட ஓட்டை லேசா உரசி ராத்திரி பூரா ஊறப் போட்டா முளைக்கும். ஆனா நடறது ஊர்ல தோட்டத்துல, காம்பவுண்டு ஓரத்துல இல்ல.