வருஷம் மூன்று லட்சம்: கும்மிக்கும் குழந்தைகளுக்கும் எப்படிக் கொடுப்பது?

திருப்பூரில் தையல் யூனிட் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா இளவயதில் ஒயிலாட்டம் ஆடியவர். போன வருஷம் தவறிவிட்டார். அவர் பேரில் வருஷத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்க நினைக்கிறேன். ஊரில் வள்ளி கும்மி சொல்லித்தரும் குழுவுக்குப் பாதி, ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பாதி. சொந்தமாக ட்ரஸ்ட் ஆரம்பிக்கலாமா? வரிச் சலுகை உண்டா? பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் இருக்கும் தம்பியும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறான்."

முதலில் ட்ரஸ்ட். இப்போதைக்கு வேண்டாம். பத்திரப் பதிவு, தனி பான் கார்டு, வருமான வரித் துறையில் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்க வேண்டிய 80ஜி அனுமதி, வருஷா வருஷம் கணக்கு, ரிட்டர்ன் என்று ஆடிட்டர் செலவுக்கும் அலைச்சலுக்குமே ஒரு பங்கு போய்விடும். பீளமேட்டில் 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவானபோது குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, நான்கு மகன்களுக்கு நான்கு, தர்மத்துக்கு ஐந்தாவது என்று வைத்தார்கள். அந்த அளவுக்குச் சொத்து இருந்தால் அறக்கட்டளை தேவைதான். உங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு. மிச்சம் வந்தால் கொடுப்போம் என்று விடாமல், தர்மத்தின் பங்கை முதலிலேயே பிரித்து வைத்தார்கள். நீங்களும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதம் 25,000 ரூபாய் தானாக அதில் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பனியன் தொழிலில் ஆர்டர் குறையும் மாதங்கள் வரும். அந்த மாதங்களிலும் இந்தப் பணம் நிற்கக் கூடாது.

மாதாமாதம் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் கலைக்கு உதவுவது என்றாலே அரங்கேற்றத்துக்கு உதவுவதுதான். மேடை, சவுண்ட் செட், சீரியல் லைட், ஒரே நிறத்தில் புடவை, சாப்பாடு, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றுக்கும் ஊரில் ஆள் கிடைத்துவிடுவார்கள், பேரும் போட்டோவும் வரும் என்பதால். அதற்கு முன்னால் வாரக்கணக்காக, ராத்திரி நேரத்தில், கோயில் மைதானத்தில் நின்று பாட்டும் அடியும் சொல்லித்தருகிற ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறது? பல ஊர்களில் பெட்ரோல் காசும் கடைசியில் ஒரு பொன்னாடையும்தான். அவருக்கு வயதாகி வர முடியாமல் போனால் வகுப்பு நின்றுவிடும். அடுத்த ஆசிரியரை யாரும் தயார் செய்து வைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் உங்கள் பணத்தை ஆசிரியரின் நேரத்துக்குக் கொடுங்கள். அவரிடம் உட்கார்ந்து பேசி, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கூடவே, நன்றாக ஆடும் இளையவர் ஒருவரை உதவி ஆசிரியராகச் சேர்க்கச் சொல்லி அவருக்கும் ஒரு தொகை வையுங்கள். கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயா 2024-ல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு ஆசிரியரின் உழைப்பால் ஒரு கலைக்குள் எத்தனை பேர் புதிதாக வர முடியும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் சாட்சி இது.

இங்கே இரண்டு விஷயங்களை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கும்மிக்கு இன்று நல்ல காலம், ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அதே நோம்பியில் (ஊர்த் திருவிழாவில்) துடும்பு மேளம் அடிக்கிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், பெருஞ்சலங்கை கட்டி ஆடுகிறவர்கள், உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர்கள் ஆகியோரைத் தேடிப்போய்க் கொடுப்பவர்கள் குறைவு. உங்கள் தொகையில் ஒரு பகுதி அவர்களுக்குப் போகட்டும். அப்பா ஆடிய ஒயிலாட்டத்துக்கு ஊரில் இன்னும் பாட்டு தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், முதல் மாதப் பணத்தில் அந்தப் பாட்டுகளை நல்ல மைக் வைத்துப் பதிவு செய்து, வார்த்தைகளை நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது விஷயம், வகுப்பில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்க வேண்டும். சில குழுக்கள் ஒரே சமூகத்துக்குள் நடக்கின்றன. நீங்கள் பணம் கொடுப்பவர், அதனால் இந்த நிபந்தனையை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு, வைக்கவும் வேண்டும். ஊர் மைதானம் எல்லாருக்கும் தோதாக இல்லையென்றால் அரசுப் பள்ளி வளாகத்தைக் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, சனிக்கிழமை வகுப்பு வைக்கலாம். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் அது உதவும். திருப்பூரில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கும்மி வட்டத்தில் கைதட்டிப் பாடி ஆடும்போது அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் சேர்ந்தே வரும்.

கலைஞர்களுக்குப் பணம் செலவில்லாத உதவி ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லிருந்து இயங்குகிறது. உறுப்பினர் அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறப்பு போன்றவற்றுக்கு உதவித்தொகை கேட்கலாம். பதிவு செய்யாத கலைஞர்கள் நிறைய. அவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்க, உங்கள் யூனிட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவரை அரைநாள் உட்காரவைத்தால் போதும்.

அப்புறம் குழந்தைகள். இல்லத்துக்குப் பாதி என்கிறீர்கள். நான் வரிசையை மாற்றச் சொல்வேன். இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். வீட்டில் வைத்துப் படிக்கவைக்க முடியாமல்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அம்மாவிடமோ அமுச்சியிடமோ (அம்மாவின் அம்மாவிடமோ) இருந்தபடியே பள்ளிக்குப் போக உதவுவதுதான் முதல் உதவி. கலெக்டர் அலுவலகம் வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தருகிறது. தனியார் நிதி ஆதரவுக்கும் அதில் இடம் உண்டு. எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். நீங்களே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பணம் கொடுப்பதைவிட இது அந்தக் குடும்பத்தின் மரியாதைக்கும் நல்லது.

இல்லத்துக்கும் கொடுக்க ஆசைப்பட்டால், அது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவில் பதிவு பெற்றதா என்று முதலில் சான்றிதழைக் கேளுங்கள். பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் அங்கே இருக்க வேண்டும். போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். நான் தவறாமல் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி: "போன வருஷம் எத்தனை பிள்ளைகள் திரும்பத் தங்கள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள்?" நல்ல இல்லம் இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும். பதில் சொல்லாமல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட்டுப் பாடவைக்கும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். பிறந்தநாள் பிரியாணியோடு பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டைவிட இரவுப் படிப்புக்கு ஒரு ஆசிரியர் சம்பளம், பல் டாக்டர், மூக்குக் கண்ணாடி ஆகியவைதான் பெரும்பாலும் குறைவாக இருக்கும். உங்கள் கும்மி ஆசிரியர் வாரம் ஒருநாள் அங்கேயும் போக முடிந்தால் இன்னும் நல்லது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் கிடையாது. அனுமதி பெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதி உங்கள் வருமானத்திலிருந்து கழியும், கணக்கில் எடுத்துக்கொள்ளும் நன்கொடைக்கு வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்பும் உண்டு. ஒரு லட்சம் கொடுத்தால் 50,000 கழியும். 20 சதவீத வரிப் பிரிவில் இருந்தால் மிச்சமாவது 10,000 ரூபாயும் அதன் செஸ்ஸும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், அரிசி, துணி என்று பொருளாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. வெறும் ரசீது போதாது, வருமான வரி இணையதளத்திலிருந்து நிறுவனம் எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழும் வேண்டும். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண், படிவ எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கும்மி ஆசிரியருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அதற்காக அவரை விட்டுவிட்டு 80ஜி இருக்கும் இடமாகத் தேடாதீர்கள்.

தம்பி இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான உள்துறை அமைச்சகப் பதிவு உள்ள நிறுவனம்தான் வாங்கலாம். கும்மிக் குழு வாங்கினால் அவர்கள்தான் சிக்கலில் மாட்டுவார்கள்.

மாதம் 25,000-ல் ஆசிரியர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் 12,000, பிள்ளைகளுக்கு 8,000, மருத்துவம் மாதிரி திடீர்ச் செலவுகளுக்கு 5,000 என்று தொடங்கிப் பாருங்கள். எல்லாம் வங்கி வழியாக, அவரவர் பேருக்கு. ஆசிரியரிடம் மூன்று வருஷத்துக்கு உறுதி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நிறுத்த வேண்டி வந்தால் ஆறு மாதம் முன்பே சொல்வேன் என்பதையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள். அதை நம்பித்தான் அவர் வேறு ராத்திரி வேலையை விடுவார்.