மகள் பேறுகாலத்துக்குக் கனடா போக எந்த விசா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 62. ஊர் அம்பாசமுத்திரம். மகளும் மருமகனும் கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிறார்கள், இருவருக்கும் பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) கிடைத்துவிட்டது. மகளுக்குத் தை மாதம் பேறுகாலம். ஒன்றரை வருஷமாவது நான் கூட இருக்க வேண்டும் என்கிறாள். என் கணவருக்கு வயல் இருக்கிறது. பிசானம் அறுப்பு முடிந்துதான் வருவார், மூன்று மாதத்துக்கு மேல் தங்கவும் மாட்டார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட், "விசிட்டர் விசா போதும், பத்து வருஷத்துக்கு அடிச்சுக் குடுத்துருவாவ. போன பொறவு அங்கேயே சூப்பர் விசாவா மாத்திக்கிடலாம். பாரத்துல மட்டும் மூணு வாரம் சுத்திப் பாக்கப் போறதா போட்டுருவோம்" என்கிறார். எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். மகளோ சூப்பர் விசாதான் வேண்டும் என்கிறாள். இன்சூரன்ஸ் செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

விசா இருக்கட்டும், நாளைக்கே ஜங்ஷனுக்குப் போய் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். கனடா விண்ணப்பம் ஆன்லைனில் போவது. அதற்குப் பாஸ்போர்ட்டின் ஸ்கேன் போதும். அசல் புத்தகம் ஏஜென்ட் மேசை டிராயரில் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சூப்பர் விசா எடுங்கள். உங்கள் கணவர் சாதாரண விசிட்டர் விசா எடுக்கட்டும். புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரே விசாதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் தேவை ஒன்றரை வருஷம், அவர் தேவை மூன்று மாதம். விசாவை அந்தத் தேவைக்கு எடுப்பதுதான் முறை.

ஏஜென்ட் சொன்ன "பத்து வருஷம்" பலரையும் ஏமாற்றும் கணக்கு. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாவின் தேதி, எதுவரைக்கும் நீங்கள் கனடா வாசலுக்குப் போய் நிற்கலாம் என்பதற்கு மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் எல்லை அதிகாரி முடிவு செய்கிறார். விசிட்டர் விசாவில் அது வழக்கமாக 6 மாதம். தேதி எதுவும் எழுதாமல் முத்திரை மட்டும் குத்தினாலும் 6 மாதம்தான் கணக்கு. அதற்கு மேல் தங்க, காலம் முடியும் முன்பே அங்கிருந்து நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கைக்குழந்தை வீட்டில் இருக்கும்போது, பதில் வருமா வராதா என்று காத்துக்கிடக்கும் நிலை உங்கள் மகளுக்கு எதற்கு?

சூப்பர் விசா உங்களைப் போன்ற பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என்றே 2011 டிசம்பரில் கொண்டுவந்தது. முதலில் ஒரு தடவை போனால் 2 வருஷம் தங்கலாம் என்று இருந்தது. 2022 ஜூலை முதல் அதை 5 வருஷமாக்கிவிட்டார்கள். இடையில் ஊருக்கு வந்து திரும்பிப் போகலாம். பாபநாசத்தில் ஆடி அமாவாசைக்கு இருக்க வேண்டும் என்று தோன்றினால் வந்துவிட்டுப் போங்கள், விசா அப்படியே இருக்கும். ஆனால் இதற்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் கனடாவுக்கு வெளியே இருக்க வேண்டும். அதனால் "அங்கேயே மாத்திக்கிடலாம்" என்ற பேச்சு எடுபடாது.

இந்த விசாவுக்கு முதலில் பார்ப்பது மகளுடைய காகிதத்தைத்தான். கூப்பிடும் பிள்ளை கனடா குடிமகனாகவோ பி.ஆர். உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு பி.ஆர். வந்துவிட்டதால் இங்கே தடை இல்லை. (மருமகனுக்கு மட்டும் பி.ஆர். வந்து மகள் இன்னும் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் வீடுகளில் இது நடக்காது. பிறக்கும் பேரப்பிள்ளை கனடா குடியுரிமையோடுதான் பிறக்கும், ஆனால் 18 வயது ஆனால்தான் அது யாரையும் இப்படிக் கூப்பிட முடியும்.) மகள் ஓர் அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். நீங்கள் எவ்வளவு காலம் தங்குவீர்கள், செலவை யார் பார்ப்பார்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் குடும்பத்துக்குக் குறைந்தபட்ச வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். தொகை ஆண்டுதோறும் மாறும், கனடா அரசின் தளத்தில் அட்டவணை இருக்கிறது. தலைக்கணக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். அங்கே மருமகன் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம்.

நீங்கள் மலைக்கும் இன்சூரன்ஸுக்கு வருகிறேன். குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு, நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கனடா நிறுவனத்தின் பாலிசி வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து, அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அலுவலகம் அனுமதித்த வெளிநாட்டு நிறுவனத்தின் பாலிசியும் செல்லும். இங்கே விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் டிராவல் இன்சூரன்ஸை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். பாலிசி வாங்கியதற்கான ரசீது வேண்டும், விலைப்பட்டியல் மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டத்தான் வேண்டும் என்பதில்லை, முன்பணம் கட்டித் தவணையில் செலுத்தும் பாலிசிகளையும் ஏற்கிறார்கள்.

வாங்கும் முன் மகளை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா? ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன நிபந்தனை? இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிரஷர், சுகர் இருப்பவர்களுக்குப் பல பாலிசிகளில், பயணத்துக்கு முந்தைய குறிப்பிட்ட மாதங்களில் மாத்திரையின் அளவு மாறியிருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். டாக்டர் மாத்திரையைக் குறைத்திருந்தால்கூட அதையும் மாற்றமாகவே எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. டாக்டர் மாற்றினால் மாற்றட்டும், உடனே இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். எதையும் மறைத்துப் பாலிசி வாங்காதீர்கள். செலவு கூடத்தான் செய்யும், ஆனால் அங்கே பார்வையாளராகப் போகிறவருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தாலே மகள் வீட்டுச் சேமிப்பு கரைந்துவிடும். உங்கள் கணவருக்கு இந்த ஒரு வருஷப் பாலிசி தேவையில்லை, அவர் தங்கும் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுங்கள். அவருக்குத் தனி விசா சொன்னதில் இந்த மிச்சமும் இருக்கிறது.

அடுத்து "மூணு வாரம் சுத்திப் பாக்கப் போறதா" போடும் யோசனை. தயவு செய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். பாரத்தில் பொய் சொன்னது தெரிந்தால் கனடா சட்டப்படி 5 வருஷம் உள்ளே விட மாட்டார்கள். அந்தத் தடை ஏஜென்ட் தலையில் விழாது, உங்கள் தலையில்தான் விழும். பேரப்பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கும் வயதில்தான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். மகள் பேறுகாலத்துக்கு அம்மா போவதில் மறைக்க என்ன இருக்கிறது? எல்லை அதிகாரி கேட்டால், மகளோடு இருக்க வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொந்தப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலை ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக் காசு வாங்கினால் அது வேலை, அதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை.

பாரத்தை மகளே நிரப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்க, கனடாவில் உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ வழக்கறிஞருக்கோதான் அதிகாரம் உண்டு. காசு வாங்காத சொந்தக்காரர் உதவுவதற்குத் தடை இல்லை. அரசுக் கட்டணம் விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கும் போட்டோவுக்கும் 85 டாலர். ஏஜென்ட் கேட்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் ஆயுளுக்கு மேல் விசா தர மாட்டார்கள். இன்னும் ஒன்றிரண்டு வருஷம்தான் பாக்கி என்றால், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதுப்பித்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். அப்படியே பெயரையும் பாருங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று இருக்கும். மகளின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் 'இசக்கியம்மாள்' என்றும் பாஸ்போர்ட்டில் 'இசக்கி' என்றும் இருந்தால், இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். மகளுடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று அவளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள்.

சூப்பர் விசாவுக்கு, கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை உண்டு. கைரேகை கொடுப்பதும் சென்னையில்தான். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கைரேகைக்கான கடிதம் வந்ததும், அதே நாளை ஒட்டி மருத்துவருக்கும் நேரம் வாங்கிக்கொண்டால், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம். தை மாதப் பேறுகாலம் என்றால் ஆவணிக்குள் விண்ணப்பம் போய்விடுவது நல்லது.

வேறு நாடுகளில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பெற்றோருக்கு இப்படித் தனி விசா கிடையாது. 10 வருஷ பி-2 விசா (பார்வையாளர் விசா) இருந்தாலும் ஒரு தடவைக்கு வழக்கமாக 6 மாதம்தான் தருவார்கள். பிரிட்டனிலும் பார்வையாளருக்கு 6 மாதம். கனடாவில் பிள்ளைக்கு நடப்பதை வைத்து மற்ற நாட்டுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

டீச்சர், உங்களுக்கு இன்னொன்று. பென்ஷன் வாங்குகிறவர் ஒன்றரை வருஷம் ஊரில் இல்லை என்றால் ஆண்டு நேர்காணல் தவறிப் பென்ஷன் நின்றுவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரக அதிகாரியிடமோ நோட்டரியிடமோ கையெழுத்து வாங்கி உயிர்வாழ் சான்று அனுப்ப வழி இருக்கிறது. கிளம்பும் முன் உங்கள் சார்நிலைக் கருவூலத்துக்குப் போய், அந்தப் படிவத்தை வாங்கி, எந்த மாதம் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.