ஓடியது ஓட்டப்பாதையில், எழுதிக்கொடுத்தது ஏ-9 வீதியில்

கேள்வி (சுருக்கப்பட்டது): நான் கோண்டாவில். வயது 31. லீசிங்கில் எடுத்த சுசுகி சுவிஃப்ற் ஸ்போர்ட் கார் வைத்திருக்கிறேன், இன்னும் 14 தவணை இருக்கிறது. வருஷத்தில் மூன்று நாலு தரம் தெற்கே ஓட்டப்பாதை நிகழ்வுகளுக்குக் கொண்டுபோய் ஓடுவேன். கடைசியாகக் களுத்துறையில் இருக்கும் கட்டுக்குருந்தை ஓட்டப்பாதைக்குப் போவதற்கு ஐந்து நாள் முன்னர், பதினொரு வருஷமாகப் போய்வரும் கராஜில் பிறேக் ஒயிலும் பிறேக் பாட்டும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) மாற்றுவித்தேன். பில் 38,500 ரூபா, அதில் 12,500 இன்னும் கொடுக்கவில்லை. அங்கே ஏழாவது சுற்றில் பிறேக் மிதி அப்படியே அடிக்குப் போய்விட்டது. கார் ரயர் அடுக்கில் மோதி முன்பக்கம் நொறுங்கியது. கராஜ் அண்ணையிடம் கேட்டால், "நான் றோட்டுக்குத்தான் செய்து தந்தனான், நீர் றேஸ் ஓடினதுக்கு நான் என்ன செய்ய" என்று நாலு பேர் முன்னால் சிரிக்கிறார். என் அப்பாவின் செத்தவீட்டில் பந்தல் போட்டு நின்ற மனிசன்! திருத்த ஒன்பது இலட்சம் கேட்கிறார்கள். சாமான் நான் வாங்கிக் கொடுத்தால் அண்ணை டிங்கர் வேலையும் பெயின்ற்றும் கூலியில்லாமல் செய்து தருகிறாராம், அது எனக்குப் பிச்சை போடுவதுபோல் இருக்கிறது. நிகழ்வை நடத்தினவர்களும் அம்புலன்ஸை உடனே அனுப்பவில்லை. இருதரப்பு மேலும் வழக்குப் போடலாமா? காப்புறுதிக்கு, கூட்டாளிகள் சொன்னபடி, ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கு அங்கால் மாடு குறுக்கே வந்து அடிபட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டார், பணம் இன்னும் வரவில்லை. அது வேறு விஷயம்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பியது மூன்று பக்கம். எனக்கு வேண்டியிருந்தது கடைசி நாலு வரி. அதைத்தான் நீங்கள் "வேறு விஷயம்" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அம்புலன்ஸ் பிந்தியதை விடுங்கள். உங்களுக்குக் காயம் எதுவும் இல்லை, பிந்தியதால் கூடிய நட்டமும் இல்லை, உள்ளே போகும்போது பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையொப்பமும் வைத்திருப்பீர்கள். அண்ணை சிரித்ததற்கும் நட்டஈடு கிடையாது. செத்தவீட்டுப் பந்தலை வழக்கேட்டில் எழுத முடியாது.

காப்புறுதிப் படிவத்துக்கு வருவோம். கராஜ்காரர் மீது வழக்குப் போடுவதானால் உங்கள் வழக்கேட்டின் நெஞ்சு இதுதான்: இன்ன திகதியில், கட்டுக்குருந்தை ஓட்டப்பாதையில், எதிராளி செய்த பிறேக் வேலையின் குறையால் கார் மோதியது. அதே திகதிக்கு, அதே காருக்கு, அதே முன்பக்கச் சேதத்துக்கு, மாங்குளத்தில் மாடு மோதியது என்று நீங்கள் கையொப்பமிட்ட தாள் ஒன்று காப்புறுதிக் கம்பனியின் கோப்பில் கிடக்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 17 முதல் 21 வரையான பிரிவுகள் சொல்லும் ஒப்புதல் (ஒருவர் சொன்னதே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்பது) என்பது இந்த மாதிரித் தாள்தான். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிறேக்கைப் பற்றிப் படித்துக்கொண்டு வரத் தேவையில்லை. அந்தக் கோப்பை அழைப்பித்து, "இது உங்கள் கையொப்பமா?" என்று கேட்பார். "ஓம்" என்பீர்கள். "இதில் மாடு என்று இருக்கிறதே, வழக்கேட்டில் பிறேக் என்று இருக்கிறதே, இரண்டில் எதைப் பொய் என்று சொல்லப் போகிறீர்கள்?" என்று அடுத்ததாகக் கேட்பார். எதைச் சொன்னாலும் நீங்கள் முடிந்தீர்கள். ஒன்றைச் சொன்னால் வழக்குப் போகும், மற்றதைச் சொன்னால் குற்றவியல் பக்கம் திரும்பும்.

குற்றவியல் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவில் ஏமாற்றுதல் என்பதற்கு வரைவிலக்கணம் இருக்கிறது. ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்தால் 403ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை. பணம் கைக்கு வராவிட்டால் முயற்சி, அதற்கு 490 இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் நான் கண்ட ஒரே நல்ல செய்தி. மாங்குளம் பொலிசில் முறைப்பாடு எதுவும் போடவில்லைத்தானே? கூட்டாளிகள் சொன்னாலும் போய்ப் போட்டுவிடாதீர்கள்.

"யாருக்குத் தெரியப்போகுது" என்று கேட்பீர்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய ஐந்து படங்களில் நான்காவதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கக் கதவில், கைபிடிக்குக் கீழே, ஒரு சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிடத் துப்பரவாக இருக்கிறது. அதன் ஓரத்தில் தூசி பிடித்த பசைக்கோடு. போட்டி எண் ஒட்டி உரித்த இடம். கண்ணாடி போடாமல் எனக்கே தெரிகிறது, மதிப்பீட்டாளருக்குத் தெரியாதா? மாங்குளத்து மாடு முட்டிய காரின் பம்பருக்குள் கறுத்த ரயர் றப்பர் உரசலும் இருக்கிறது. காரை ஏற்றிவந்த லொறியின் பில்லில் களுத்துறை என்று இருக்கும். கூட்டாளி எடுத்த வீடியோ எத்தனை ஃபோனில் இருக்கிறதோ தெரியாது. கோரிக்கைத் தொகை ஒன்பது இலட்சம் என்றால் காப்புறுதிக் கம்பனி ஆளை அனுப்பித் தேடும்.

இந்தக் குழியில் விழுந்து என்னிடம் வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஒருவர் வீதி விபத்தென்று எழுதிக் காப்புறுதிப் பணம் வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு, அதே சேதத்துக்குக் கராஜ் மீதும் வழக்குப் போட என்னிடம் வந்தார். காப்புறுதி பற்றி எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. வழக்கின் இரண்டாம் தவணையில் எதிர்த்தரப்பு அந்தக் கோப்போடு நின்றது. வழக்கை வாபஸ் வாங்கினோம், செலவுத்தொகை கட்டினோம், காப்புறுதிக்கு அவர் மாதாமாதம் திருப்பிக் கட்டினார். உள்ளே போகாமல் தப்பியதற்குக் காரணம் அவர் முந்திக்கொண்டு தானே போய்ச் சொன்னது மட்டும்தான்.

ஆகவே முதல் வேலை: அந்தக் கோரிக்கையை வாபஸ் வாங்குங்கள். நீங்களே உட்கார்ந்து எழுதாதீர்கள், இன்னொரு கதை கலந்துவிடும். சட்டத்தரணி ஒருவரிடம் படிவத்தின் பிரதியோடு போனால் ஒரு பந்தியில் எழுதித் தருவார். பதிவுத் தபாலில் போகட்டும். ஏஜன்ட் ஃபோனில் "விடுங்கோ தம்பி, நான் பாக்கிறன்" என்பார், அதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். படிவத்தில் இருப்பது உங்கள் கையொப்பம், அவருடையது இல்லை.

உண்மையைச் சொன்னால் காப்புறுதி தருமா? பெரும்பாலும் தராது. வழமையான மோட்டார் காப்புறுதிப் பத்திரத்தில் போட்டியோட்டம், வேகச் சோதனை எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். "அது போட்டி இல்லை, பயிற்சி ஓட்டம்தானே" என்று சிலர் வாதாடுவார்கள். பத்திரத்தின் வாசகம் இடம் கொடுத்தால் வாதாடலாம், ஆனால் கதவில் எண்ணை ஒட்டிக்கொண்டு, நேரம் எடுக்கவைத்து ஓடிவிட்டு அதைச் சொல்வது கடினம். அதோடு, சஸ்பென்சனையும் எஞ்சின் கொம்பியூற்றர் செற்றிங்கையும் மாற்றியதைக் காப்புறுதி எடுக்கும்போது சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான விபரத்தை மறைத்தால் பத்திரத்தையே செல்லாதாக்கலாம். அந்தப் பக்கம் பணம் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே யோசியுங்கள்.

லீசிங்கையும் மறக்கவேண்டாம். பதிவுப் புத்தகத்தில் முற்றுரிமையாளர் லீசிங் கம்பனி. உடைந்திருப்பது சட்டப்படி அவர்களுடைய கார். முழுக் காப்புறுதி நடைமுறையில் இருக்கவேண்டும், அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், வாசித்துப் பாருங்கள். இந்த நேரத்தில் ஒரு தவணை பிந்தினாலும் மற்ற மீறல்களையும் சேர்த்துக் கையில் எடுப்பார்கள். கார் ஓடாவிட்டாலும் தவணையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

இனி கராஜ். உங்களுக்கு வழக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை செய்பவர், தனக்குச் சொல்லப்பட்ட தேவைக்கு ஏற்ற திறமையோடு செய்யவேண்டும் என்பது உரோம-டச்சுச் சட்டம். ஆகவே கேள்வி, ஓட்டப்பாதைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா என்பது. பில்லில் "பிறேக் ஒயில், பாட், கூலி" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் முதல்நாள் வட்ஸ்அப்பில் "அண்ணை, ஞாயிறு ஓட்டம் இருக்கு, வடிவாச் செய்து தாங்கோ" என்று குரல் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஃபோனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். உங்கள் பக்கம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அதற்குப் பிறகு வழக்கு இறங்கத் தொடங்குகிறது. பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டொட் 3 (டொட் என்பது பிறேக் ஒயிலின் தரக்குறி) ஒயிலுக்குப் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்கவேண்டும், ஈரம் ஏறியபின் 140. டொட் 4க்கு 230, 155. நேர்ப்பாதையில் முழு வேகம் எடுத்து முனையில் இறுக்கிப் பிடிப்பதைச் சுற்றுக்குச் சுற்றுச் செய்தால், காலிப்பரின் (பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூட்டில் ஒயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்க மிதி அடிக்குப் போகும். சூடு ஆறினால் மிதி திரும்பிவரும். லொறியில் ஏற்றும்போது பிறேக் பிடித்தது என்று நீங்கள் ஆச்சரியப்பட்டது இதனால்தான்.

அவர் போட்டது பழைய திறந்த ரின் ஒயிலா, தரம் குறைந்ததா, இல்லை நல்ல ஒயிலையே நீங்கள் கொதிக்க வைத்தீர்களா? இதைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த ஒயில். அதை இணுவிலில் வேறொரு மெக்கானிக் இறக்கி, "கறுத்துப்போய்க் கிடக்கு" என்று சொல்லி, உங்கள் வீட்டுத் தென்னைக்குக் கீழே ஊற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கை அந்தத் தென்னைக்கு ஊற்றியாயிற்று. (தென்னைக்கும் அது நல்லதில்லை.) பிறேக் குழாயில் காற்றை எடுக்காமல் விட்டிருப்பார் என்று வாதாடப் பார்த்தால், அதே பிறேக்கோடு யாழ்ப்பாணத்திலிருந்து களுத்துறைக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல் நீங்களே ஓட்டிப் போயிருக்கிறீர்கள். காற்று இருந்தால் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நிறுத்தும்போதே மிதி பஞ்சுபோல இருந்திருக்கும்.

எதிர்த்தரப்பு இன்னொன்றும் கேட்கும்: முந்திய மூன்று ஓட்டங்களுக்கும் ஒயில் எப்போது மாற்றினீர்கள், பாட் எது, டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருந்தது? உங்களிடம் ஒரு கொப்பிகூட இல்லை. வீதியில் மட்டும் ஓடும் காருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்பார்கள். ஓட்டப்பாதைக்காரர் ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றி, திகதி, ரின்னின் தரம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி வைப்பார்கள். அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பழைய பாட்டுகளும் மிஞ்சிய ஒயில் ரின்னும் இருந்தால், சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் பையில் போட்டு ஒட்டி, படம் எடுத்து வையுங்கள். கார் இருக்கும் நிலையிலேயே தகுதியான பொறியியலாளர் ஒருவர் பார்த்து அறிக்கை தரும்வரை ஒரு நட்டையும் கழற்றவேண்டாம். வழக்குக்காக இல்லை, பேச்சுவார்த்தையில் உங்கள் கை கொஞ்சம் உயர்வதற்காக.

காலத்தைப் பற்றி ஒரு சொல். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடென்றால் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருஷம், கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு இரண்டு. தன் பில் மீதிக்கு அவர் உங்கள்மேல் போக ஒரு வருஷம் இருக்கிறது. போனால் போகட்டும் என்று அந்த 12,500ஐப் பிடித்து வைத்திருப்பது ரோசம் மட்டும்தான், அதில் சட்டம் எதுவும் இல்லை.

நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். கூலி இல்லாமல் டிங்கர், பெயின்ற் செய்து தருகிறேன் என்பது பிச்சை இல்லை. ஒன்பது இலட்சத்தில் கூலி எவ்வளவு என்று வேறு கராஜில் விலை கேட்டுப் பாருங்கள், மாவட்ட நீதிமன்றத்தில் நாலைந்து வருஷம் ஏறி இறங்கி நீங்கள் வெல்லக்கூடியதைவிட அது குறைவாக இருக்காது. வழக்கில் பிழை ஒருவர்மேல் மட்டும் விழாது, ஏழு சுற்று இறுக்கி ஓடியதற்கு உங்கள் பங்கையும் கழிப்பார்கள். பிறேக் வேலைக்கு வாங்கிய கூலியையும் திருப்பிக் கேளுங்கள், அது நியாயம். அவர் பிழையை ஒத்துக்கொண்டு எழுதித் தரவேண்டும் என்று மட்டும் நிற்காதீர்கள், எவரும் தரமாட்டார். என்னென்ன வேலை, எந்தத் திகதிக்குள், சாமான் யார் வாங்குவது, இதோடு இருபக்கமும் வேறு கோரிக்கை இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அந்தத் தாளில் விபத்து நடந்த இடத்தைக் கட்டுக்குருந்தை என்றே எழுதுங்கள்.

அந்தத் தாளும் மாட்டுக் கதையும் ஒன்றாக நிற்கமுடியாது, அதனால்தான் எது முதல், எது பிறகு என்ற ஒழுங்கு முக்கியம். காப்புறுதி வாபஸ் கடிதம் போய், பதிவுத் தபால் துண்டு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கராஜ் படி ஏறவேண்டும். ஏறும்போது 12,500 ரூபாவும் சட்டைப்பையில் இருக்கட்டும்.