பெரியப்பாவும் பெரிய அப்பாவும்

வணக்கம் அக்கா,

ஒன்றரை வருடமாகக் கொரிய மொழி படிக்கிறேன். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வின் இரண்டாம் கட்டத்தை இந்த வருடம் எழுதலாம் என்றிருக்கிறேன். ஹங்குல் எழுத்து ஒரே வாரத்தில் பிடிபட்டது. வாக்கியமும் தமிழ் போலவே வினையில் முடிவதால் சிரமமில்லை. எங்கே இடம் விடுவது என்பதில்தான் திண்டாடுகிறேன். போன வாரம் எழுதிய பயிற்சிக் கட்டுரையில் இலக்கணப் பிழை 4, இடைவெளிப் பிழை 17! 'அளவு' என்று பொருள்படும் 'மன்கும்' என்ற ஒரே சொல் ஒரு வரியில் ஒட்டி வருகிறது, அடுத்த வரியில் பிரிந்து நிற்கிறது. ஆசிரியையைக் கேட்டால் "படிக்கப் படிக்க வந்துவிடும்" என்கிறார். இதற்கு விதி என்று ஏதாவது உண்டா?

வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

விதி உண்டு. 1988இல் திருத்தி வெளியிட்ட எழுத்துமுறை விதிகளில் இரண்டாவதே அதுதான்: வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லையும் இடம் விட்டு எழுத வேண்டும். 41ஆம் விதி, உருபு போன்ற ஒட்டுகளை முன்னால் உள்ள சொல்லோடு சேர்க்கச் சொல்கிறது. கேட்க எவ்வளவு சுலபம்! எது சொல், எது ஒட்டு என்பதில்தான் வில்லங்கம்.

'அபொஜிகா பாங்எ துரொகாஷின்தா' என்ற வாக்கியத்தை உங்கள் ஆசிரியை நிச்சயம் சொல்லியிருப்பார். அப்பா அறைக்குள் போகிறார். அந்தக் 'கா' உருபை முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டாமல் பின்னால் உள்ளதோடு ஒட்டினால் 'காபாங்', அதாவது பை. அப்பா பைக்குள் போய்விடுவார். கொரியக் குழந்தைகள் இதைக் கேட்டுச் சிரித்தபடிதான் இடம் விடக் கற்கிறார்கள்.

இந்த வழக்கம் அவர்களுக்கே புதிது. 1446இல் மன்னர் செஜோங் ஹங்குலை வெளியிட்டபோது இடைவெளியே கிடையாது, நம் ஓலைச்சுவடி போலத்தான். பிறகும் சீன எழுத்தைக் கலந்து எழுதியவர்களுக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. சொல் சீன எழுத்தில், ஒட்டு ஹங்குலில் என்று எழுதினால் எல்லை தானாகத் தெரிந்துவிடும். 1877இல் ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் வெளிநாட்டவருக்காக எழுதிய கொரியப் பாடநூலில் சொற்களைப் பிரித்து அச்சிட்டார். 1896 ஏப்ரல் 7 அன்று சொ ஜே பில் தொடங்கிய 'தொங்னிப் ஷின்முன்' செய்தித்தாள் கொரிய மொழியை ஹங்குலில் மட்டுமே எழுதுவது என்று முடிவெடுத்தது. சீன எழுத்து போனதும் எல்லையும் போனது, ஆகவே இடம் விட்டார்கள். உயர்ந்தவர் தாழ்ந்தவர் எல்லாரும் எளிதில் படிக்க வேண்டும் என்று முதல் இதழிலேயே காரணமும் சொன்னார்கள். 1933இல் கொரிய மொழிச் சங்கத்தார் அதை விதியாக்கினார்கள்.

சரி, உங்கள் 'மன்கும்'. எனக்கு இது புரிந்தது பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தால்தான். நம் 'படி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி, சொன்னபடி. நாம் இரண்டையும் ஒட்டுகிறோம். கொரிய மொழியில் அந்த வேலையைச் செய்வது 'தேரோ'. சட்டப்படி என்பது 'பொப்தேரோ', ஒரே சொல். சொன்னபடி என்பது 'மல்ஹன் தேரோ', நடுவே இடம். 'சொன்ன' என்பது பெயரெச்சம். பெயரெச்சம் எதைக் கொண்டு முடியும்? பெயரை. அப்படியானால் அங்கே 'தேரோ' ஒரு பெயர்ச்சொல், பெயர்ச்சொல் என்றால் தனிச் சொல், தனிச் சொல் என்றால் இடம். 'மன்கும்' அப்படியே. 'உன்னளவு' என்னும்போது 'நொமன்கும்', 'சாப்பிடும் அளவு' என்னும்போது 'மொகுல் மன்கும்'. 'செய்ய முடியும்' என்னும் 'ஹல் சு இத்தா'வை ஏன் மூன்று துண்டாக எழுதுகிறார்கள் என்பதும் இதோடு விளங்கும். முன்னால் பெயரெச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், உங்கள் 17இல் பாதி போய்விடும்.

முழுக்கப் போகாது. 'ஜி' இருக்கிறதே, அது ஒரு திருட்டுப் பூனை. 'மன்னன் ஜி' என்று சந்தித்து எவ்வளவு காலமாயிற்று என்பதைச் சொன்னால் இடம் விட வேண்டும். 'ஓல்ஜி' என்று வருவாரோ மாட்டாரோ எனச் சந்தேகப்பட்டால் ஒட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே அது வினையின் விகுதி. காலக் கணக்கென்றால் இடம் என்று மனப்பாடம் செய்துவிடுங்கள். வேறு வழியில்லை.

அப்புறம் பொருள் மாறும் சொற்கள். இவை எனக்குப் பிடித்தவை, மானத்தை வாங்கியவையும் கூட. 'குன்' என்றால் பெரிய. 'குன்அபொஜி' என்று சேர்த்து எழுதினால் அப்படியே நம் பெரியப்பா. பிரித்தால் ஆள் பருமனான அப்பா. 'குன் ஜிப்' பெரிய வீடு, 'குன்ஜிப்' பெரியப்பா வீடு. கொரியாவில் வேலை கிடைத்துப் போன தோழி பெரிய வீட்டில் இருக்கிறாள் என்று என் ஆசிரியருக்கு எழுதினேன், ஒட்டி. "எப்போது விடுதலை?" என்று பதில் வந்தது. கைதிகளின் பேச்சில் 'குன்ஜிப்' என்றால் சிறையாம்! நம் ஊரில் அது மாமியார் வீடு, அங்கே பெரியப்பா வீடு. 'சின்ன' என்பதற்கு 'ஜாகுன்'. 'ஜாகுன்ஜிப்' என்று ஒட்டி எழுதினால் தம்பி குடும்பத்தின் வீடு என்று ஒரு பொருள். இன்னொரு பொருள் நம் சின்ன வீடேதான்! நாம் இடம் விட்டு எழுதியும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் பார்த்து இரு மொழிக்கும் ரத்த உறவு என்று கிளம்பிவிடாதீர்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அமைப்பு ஒத்துப்போகிறது, நமக்குப் படிக்கச் சுலபம், எனக்கு அது போதும்.

துணைவினைக்குக் கவலை வேண்டாம். சாப்பிட்டுப் பார் என்பதற்கு அவர்களும் சாப்பிட்டு, பார் என்ற அதே இரண்டு சொற்களைத்தான் வைக்கிறார்கள்: 'மொகொ போதா'. பிரிப்பது முறை, ஒட்டினாலும் அனுமதி உண்டு.

கொரியர்களும் தடுமாறுகிறார்கள். இடம் விட்டு எழுதுவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தியொஸுகி'. பெயராக வரும்போது அதை ஒட்டி எழுத வேண்டும், 'தியொ ஸுதா' என்று வினையானால் பிரிக்க வேண்டும். இதில் தப்பு செய்யாத கொரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாகத் தேர்வு பற்றி. 54ஆம் கேள்விக்குக் கட்டம் போட்ட தாளில் 600 முதல் 700 எழுத்து எழுத வேண்டும், இடைவெளியும் ஒரு கட்டம். ஆனால் வரியின் கடைசிக் கட்டத்தில் சொல் முடிந்தால், அடுத்த வரியின் முதல் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. அது புதுப் பத்திக்கு உரிய இடம். உங்கள் 17இல் இரண்டு மூன்று அப்படி வந்தவையாக இருக்கலாம், தாளை எடுத்துப் பாருங்கள்.