திரும்பிப் பார்ப்பது குற்றமா?

கேள்வி: நான் வயலின் ஆசிரியர்; அறுபதைக் கடந்தவன். என் மனைவி காலமாகி ஓராண்டுக்கு மேலாகிறது. நான் சாதகம் செய்வதைக் கைபேசியில் பதிவு செய்வது அவள் வழக்கம். அவற்றுள் ஒன்றில், "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசிங்க" என்று அவள் சொல்வது கேட்கும். அதைக் கேட்காமல் இரவில் எனக்கு உறக்கம் வருவதில்லை. வயலினையோ பெட்டியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. என் மகன் கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் கதையைச் சொன்னான். பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் சென்று, யாழிசையால் அதன் அரசனையும் அரசியையும் இளக வைத்தவன், பூவுலகை எட்டும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவளை மறுபடியும் இழந்தானாம். "நீங்களும் திரும்பிப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்கப்பா, அதை அழிச்சிடுங்க" என்கிறான். அழித்துவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஐயா, அழிக்க வேண்டாம். உங்கள் மகன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தக் கதை அவருடைய அறிவுரைக்குத் துணை நிற்காது. இறந்தவளை உயிரோடு அழைத்துச் செல்வதற்காக, அந்த வழி முடியும்வரை மட்டுமே விதிக்கப்பட்ட நிபந்தனை அது. இறந்தவரை நினைக்கவே கூடாது என்று பாதாள அரசன்கூடச் சொல்லவில்லை.

ரோமானியக் கவிஞர்களில் வெர்ஜில் சற்றுக் கடுமையானவர். அவருடைய யூரிடிசி, எந்தப் பித்து நம் இருவரையும் அழித்தது என்று கேட்டுவிட்டே மறைகிறாள். ஓவிட் எழுதிய யூரிடிசியோ கணவனைக் குறை சொல்வதில்லை. தன்னை நேசித்தான் என்பதைத் தவிர அவள் எதைக் குறையாகச் சொல்ல முடியும் என்று கவிஞரே கேட்கிறார். (எனக்கு ஓவிட்டின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.) அவர் சொல்லும் ஆர்ஃபியஸ், ஏழு நாள் உண்ணாமல் பாதாள ஆற்றின் கரையில் கிடந்தவன், பிற்பாடு நிழலே இல்லாத ஒரு குன்றின்மேல் அமர்ந்து யாழை மீட்டுகிறான், மரங்கள் தாமாக வந்து சூழ்ந்து நிழல் தருகின்றன. அவனும் இறந்த பின், இருவரும் சேர்ந்து உலவும்போது, அச்சமின்றி அவளைத் திரும்பிப் பார்க்கிறான்.

ஆகவே, பதிவைக் கேட்பதைவிட வயலின் பெட்டி மூடியே கிடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. படுக்கையில் கேட்பதை மாலைக்கு மாற்றி, வயலினை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் மனைவி சொல்லும் அந்த இடம் வந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, முடிந்தால் அதை வாசியுங்கள், முடியாத நாளில் சுருதி கூட்டுவதோடு விட்டுவிடுங்கள். ஒரு நாள் மகனையும் உடன் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். அவரும் தாயை இழந்தவர்தான்.

ஓராண்டு கடந்தும் பிரிவின் ஏக்கம் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அன்றாட வாழ்வை முடக்கினால், அதை நீடித்த துயரக் கோளாறாகக் கருதிச் சிகிச்சை அளிக்கும் முறை இன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வரையறை நூலும் 2022இல் அதைச் சேர்த்துக்கொண்டது. ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு அப்படி முத்திரை குத்த மாட்டேன். எனினும் உணவும் உறக்கமும் குறைந்துகொண்டே போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தாமதிக்காமல் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.